கன்னம் வீங்கினாலே அம்மைக்கட்டுதானா?



கன்னமோ தாடையோ வீங்கினால், வைத்தியம் பார்ப்பதற்கு முன்னால் நாம் பெயர் வைத்து விடுவோம். குழந்தைக்கு வந்தால் அம்மைக்கட்டு. பெரியவர்களுக்கு வந்தால் சொத்தைப் பல் வீக்கம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு அந்த மூன்றாவதுதான் வந்தது. அதற்குப் பெயர் உமிழ்நீர் சுரப்பி அழற்சி. எச்சில் ஊறும் சுரப்பி வீங்கிப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதை, பிள்ளையின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எச்சில் என்றால் லேசா?

எச்சில் என்றாலே நமக்கு ஒரு அருவருப்பு. எச்சில் இலை, எச்சில் தட்டு, எச்சில் கை என்று ஒதுக்கித்தான் பழக்கம். ஆனால் அது இல்லாவிட்டால் ஒரு வாய்ச் சோறு இறங்காது. நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறதாம். சாப்பாட்டை ஈரமாக்கி விழுங்க வைப்பது, ருசி தெரிய வைப்பது, பல்லைச் சொத்தையாகாமல் காப்பது, வாயில் கிருமி பெருகாமல் கழுவிக் கொண்டே இருப்பது எல்லாம் அதன் வேலைதான்.

இதைச் சுரக்கப் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி இருக்கின்றன. ஒரு ஜோடி, இரண்டு காதுக்கும் முன்னால் கன்னத்தில். இதுதான் பெரியது. இன்னொரு ஜோடி, கீழ்த்தாடை எலும்புக்கு அடியில். மூன்றாவது, நாக்கின் கீழே. இவை போக உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சுரப்பிகள். கன்னத்துச் சுரப்பியிலிருந்து வரும் குழாய், மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தின் உள்பக்கம் திறக்கிறது. தாடைச் சுரப்பியின் குழாய், நாக்கைத் தூக்கிப் பார்த்தால் தெரியும் நரம்பு மாதிரியான தசைக்குப் பக்கத்தில் திறக்கிறது.

இந்தக் குழாயை வாய்க்கால் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் ஓடும்வரை சுத்தமாக இருக்கும். ஓட்டம் நின்றால் பாசி பிடிக்கும், சேறு தங்கும். எச்சில் வற்றினாலும் சரி, குழாயில் ஏதாவது அடைத்துக் கொண்டாலும் சரி, வாயில் இருக்கிற கிருமி எதிர்த்திசையில் குழாய் வழியாகச் சுரப்பிக்குள் ஏறி விடுகிறது. வீக்கம், வலி, காய்ச்சல், சீழ் எல்லாம் அப்போதுதான் வருகின்றன.

என் மாமியாருக்கு வந்தது

இரண்டு வருடத்துக்கு முன், கத்திரி வெயில் நேரம். என் மாமியாருக்கு 68 வயது. சர்க்கரை உண்டு. பிரஷருக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகும், "வேண்டாம்மா, குமட்டுது" என்று கஞ்சித் தண்ணியைக் கூடத் தள்ளி விட்டுப் படுத்துக் கொண்டார். அடுத்த நாள் காலையில் பார்த்தால், இடது காதுக்கு முன்னால் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். சிவந்து போய், தொட்டால் சுடுகிறது. வாயைத் திறக்க முடியவில்லை. குளிர் காய்ச்சல் வேறு.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "அம்மைக்கட்டுதான், சந்தேகமே இல்லை. மருந்து மாத்திரை எதையும் குடுத்துடாதே. அத்தை கழுத்துல ஒரு தங்கச் சங்கிலியைப் போடு. நாமக்கட்டியை உரைச்சுத் தடவு. நாலு நாள்ல தானா இறங்கிடும்" என்றார்கள். பொன்னுக்கு வீங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டல்லவா? அதனால்தான் பொன் போடச் சொல்வது. எல்லாரும் அக்கறையாகத்தான் சொன்னார்கள்.

இதையெல்லாம் கேட்டுக் கொண்டு படுத்திருந்த என் மாமியார்தான், வாயைத் திறக்க முடியாமல் மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சின்ன வயசுலயே ரெண்டு பக்கமும் அம்மைக்கட்டு வந்து போயிடுச்சும்மா. ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு எங்க ஆத்தா சொல்லும். இது வேற என்னமோ. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அன்றைக்கே ஆட்டோ பிடித்து, காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கையுறை போட்டுக் கொண்டு, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தடவி அழுத்தினார். உள்ளே அந்தச் சின்னத் துவாரத்திலிருந்து மஞ்சளாகச் சீழ் வந்தது. "அம்மைக்கட்டுல இப்படிச் சீழ் வராது. உடம்புல தண்ணி வத்திப் போய், எச்சில் ஊறாம, சுரப்பியில கிருமி ஏறியிருக்கு" என்றார். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உள்ளே கட்டியாகச் சேர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை பார்த்தால் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டார்கள். பிறகு வீட்டுக்கு வந்தும் மாத்திரை. பத்து நாளில் வீக்கம் முழுதும் வடிந்தது.

வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஆபரேஷன் முடிந்து வாய்வழி எதுவும் சாப்பிடாமல் இருப்பவர்கள், வாந்தி பேதியில் தண்ணீர் வற்றியவர்கள், இவர்களுக்குத்தான் இந்தச் சீழ் வீக்கம் அதிகம் வருமாம். கவனிக்காமல் விட்டால் சுரப்பிக்குள் சீழ்க்கட்டி ஆகிவிடும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. "நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம்னு இருந்திருந்தா கஷ்டம்தான்" என்று டாக்டரம்மா சொன்னபோது, எனக்கு மாமியார் சொன்ன ஒரு வார்த்தைதான் அவரைக் காப்பாற்றியது என்று தோன்றியது. பெரியவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

சோற்றைக் கண்டால் வீங்கும் தாடை

இரண்டாவது, என் நாத்தனார் கதை. துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டில் கை வைத்தால் போதும், வலது தாடைக்கு அடியில் சுருக்கென்று இழுத்து வீங்கிக் கொள்ளும். ஊறுகாய், புளிக்குழம்பு என்றால் கேட்கவே வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்து விடும். "பல்லுதான்" என்று இரண்டு மாதம் கிராம்புத் தைலம் வைத்துக் கொண்டிருந்தாள். பல் டாக்டர்தான், "பல்லில் ஒன்றும் இல்லை, எச்சில் குழாயைப் பாருங்கள்" என்று அனுப்பி வைத்தார்.

ஸ்கேனில் பார்த்தால் குழாயில் கல்! சிறுநீரகத்தில் கல் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். எச்சில் குழாயிலும் வருமாம். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து கல்லாகிறது. இப்படி வரும் கல்லில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில்தான் வரும். அங்கே ஊறும் எச்சில் கொஞ்சம் கெட்டி. குழாயும் நீளமாக, கீழிருந்து மேல்நோக்கிப் போகிறது. அதனால் ஓட்டம் மெதுவாகி, படிவது சுலபம். சாப்பாட்டைப் பார்த்ததும் எச்சில் ஊறும். வெளியே வர வழி இல்லாமல் தேங்கி வீங்கும். சாப்பிட்டு முடித்ததும் கல்லின் ஓரமாகக் கசிந்து வடியும். இதுதான் அந்த வீக்கத்தின் ரகசியம்.

சின்னக் கல்லாக இருந்ததால் கத்தி வைக்கவில்லை. நிறையத் தண்ணீர் குடிப்பது, எலுமிச்சைத் துண்டை வாயில் அடக்கி எச்சில் ஊற வைப்பது, வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுப்பது, தாடையின் பின்பக்கமிருந்து முகவாய் நோக்கி விரலால் மெல்ல நீவி விடுவது, இவ்வளவுதான் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் பல் துலக்கும்போது அரிசிக் குருணை மாதிரி ஒன்று நாக்கடியிலிருந்து வந்து விழுந்தது. அதோடு சரி. பெரிய கல்லாக இருந்தால் வாய்க்குள்ளேயே லேசாகக் கீறி எடுப்பார்களாம். மெல்லிய குழாய்க் கேமராவைத் துவாரத்தில் நுழைத்து எடுக்கும் வசதியும் இப்போது பெரிய நகரங்களில் இருக்கிறது. சுரப்பியையே எடுக்க வேண்டி வருவது கடைசிபட்சம்தான்.

அவளிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிப்பே?" என்பதுதான். காலையில் ஒரு காபி, மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். "கடையில நின்னுக்கிட்டே வேலை. பாத்ரூம் போகணும்னா மாடி ஏறி இறங்கணும். அதான் தண்ணியைக் குறைச்சுக்கிட்டேன்" என்றாள். எத்தனை சகோதரிகள் இதைப் படித்து, 'நானும்தான்' என்று நினைப்பீர்களோ! கல்யாண வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியே நிறுத்தி விடுவோம். சிறுநீர்த் தொற்று வரும் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். வாய் வறண்டு இப்படியும் வரலாம் என்பது எனக்குப் புதிது.

அப்படியானால் எது அம்மைக்கட்டு?

அம்மைக்கட்டும் இதே கன்னத்துச் சுரப்பியின் வீக்கம்தான். ஆனால் அது வைரஸால் வருவது. இருமல், தும்மல், எச்சில் மூலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும். தொற்றி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். முதலில் காய்ச்சல், உடம்புவலி, தலைவலி. பிறகு ஒரு கன்னம், ஓரிரு நாளில் மறு கன்னம் என்று வீங்கும். சிலருக்கு ஒரு பக்கத்தோடு நின்று விடுவதும் உண்டு. பள்ளியிலோ தெருவிலோ வேறு பிள்ளைகளுக்கும் இருக்கும். 2024-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிறையப் பிள்ளைகளுக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

வைரஸ் என்பதால் இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால், மெல்ல வேண்டாத சாப்பாடு, நிறைய நீராகாரம், ஓய்வு போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. இதில் எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்தால் வலி கூடும், வேண்டாம். வீக்கம் தெரிந்த நாளிலிருந்து ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. டம்ளர், தட்டு தனியாக வையுங்கள்.

பெரும்பாலும் தானே சரியாகி விடும். ஆனாலும் மூன்று விஷயங்களைப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். கடும் தலைவலியும் வாந்தியும் கழுத்து விறைப்பும் வருகிறதா? காது மந்தமாகிறதா? வயதுக்கு வந்த பையனாக இருந்தால், விரையில் வீக்கமோ வலியோ இருக்கிறதா? கடைசியில் சொன்னதைப் பையன்கள் அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். அப்பாவை விட்டாவது கேட்கச் சொல்லுங்கள்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தட்டம்மை, ரூபெல்லாவோடு அம்மைக்கட்டுக்கும் சேர்த்துப் போடுவது. 2017-ல் தமிழ்நாட்டில் அரசு முகாம்களில் ஆரம்பித்துப் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். அதில் அம்மைக்கட்டு சேரவில்லை. அதனால் உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, எந்த ஊசி போட்டிருக்கிறது என்று குழந்தை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு விடுங்கள்.

இன்னொன்று. ஒரே குழந்தைக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கன்னம் வீங்கினால், "இவனுக்கு அடிக்கடி அம்மைக்கட்டு வரும்" என்று சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். அம்மைக்கட்டு அப்படித் திரும்பத் திரும்ப வருவது கிடையாது. சில குழந்தைகளுக்குக் கன்னத்துச் சுரப்பி அடிக்கடி அழற்சி ஆகும். வளர வளர, பருவ வயது வரும்போது பெரும்பாலும் நின்று விடும். ஆனாலும் ஸ்கேன் எடுத்துக் காரணம் பார்த்துக் கொள்வது நல்லது.

வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டால்

நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாய் எப்போதும் காய்ந்து கிடக்கிறது, இட்லியைக் கூடத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க வேண்டியிருக்கிறது, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, மூட்டு வலி, அசதி, அவ்வப்போது இரண்டு கன்னமும் வீங்குகிறது. இவை எல்லாம் சேர்ந்து இருந்தால் 'ஜோக்ரன்' என்ற நோயாக இருக்கலாமாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் தாக்குவது. ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம் வருகிறது. 'வயசாயிடுச்சு, அதான்' என்று தள்ளிப் போடாமல் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள்.

சில மாத்திரைகளும் வாயை வறட்டும். சளி, அலர்ஜிக்குக் கொடுப்பவை, பிரஷருக்கான நீர் மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று பட்டியல் நீளம். அதற்காக நீங்களாக நிறுத்தி விடக் கூடாது. "இந்த மாத்திரை சாப்பிட்டதிலிருந்து வாய் காயுது" என்று டாக்டரிடம் சொன்னால், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு வேலைக்கு நடுநடுவே இரண்டு மடக்கு. சிறுநீரகம், இதய நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்த பெரியவர்களுக்கு மணிக்கொரு தடவை ஸ்பூனாலாவது உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சித் தண்ணீர், மோர் கொடுத்துக் கொண்டே இருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு எதை, எவ்வளவு என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். விரலில் ஈரத் துணியைச் சுற்றிப் பல், ஈறு, நாக்கைத் துடைத்தால் கூடப் போதும். பல் செட்டை ராத்திரி கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள்.

சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது நல்லது.

விரதம் இருப்பவர்கள், விரதத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீரைச் சேர்த்துக் குடியுங்கள். ஏற்கெனவே சுரப்பி வீங்கி வைத்தியத்தில் இருப்பவர்கள், டாக்டரைக் கேட்டு விட்டு விரதம் இருங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், வீக்கம் குறைந்ததும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். போன தடவை வாங்கிய மீதி மாத்திரையை இந்தத் தடவை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

செய்யக் கூடாதது: வீக்கத்தின் மேல் சுண்ணாம்பு தடவுவது, சூடு போடுவது, ஊசியால் குத்துவது, அழுத்திப் பிதுக்குவது. நாமக்கட்டிப் பத்து போடுவதால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லைதான். ஆனால் பூச்சுக்கு அடியில் சிவக்கிறதா, பெரிதாகிறதா என்று தெரியாமல் போய்விடும். சங்கிலி போட ஆசைப்பட்டால் போடுங்கள். போட்டுக் கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் சேர்ந்து வீங்கி, எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் வழிகிறது, மூச்சு விடச் சிரமம், பேச்சு குழறுகிறது என்றால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது. ராத்திரியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அதிகக் காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, வாய்க்குள் சீழ், முகம் ஒரு பக்கம் இழுத்துக் கொள்வது, இவற்றுக்கும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வலியே இல்லாத கட்டியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டு விடுகிறோம். காதுக்கு முன்னாலோ தாடைக்கு அடியிலோ ஒரு கட்டி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தாலோ, மெதுவாகப் பெரிதானாலோ, "வலிக்கலையே" என்று சமாதானம் சொல்லிக் கொள்ளாமல் காட்டி விடுங்கள். பெரும்பாலும் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும். அதை டாக்டர் சொல்லட்டும்.

டாக்டரிடம் போகும்போது நாலு விஷயத்தை யோசித்து வைத்துக் கொண்டு போனால், பாதி நோய் அங்கேயே தெரிந்து விடும். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? சாப்பிடும்போது கூடுகிறதா? காய்ச்சல் இருக்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம்? மாத்திரை அட்டையை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

வீட்டில் எல்லாருக்கும் வேளாவேளைக்கு ஊற்றிக் கொடுத்து விட்டு, நம் டம்ளரை மட்டும் காலியாக வைத்திருக்கிறோம். என் நாத்தனார் இப்போது கடைக்குப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொண்டு போகிறாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து முதலாளியிடம் பேசி, பெண்களுக்குக் கீழ்த்தளத்திலேயே கழிப்பறை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். உங்கள் வேலை இடத்திலும் கேட்டுப் பாருங்கள் சகோதரிகளே. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

- ஒரு இல்லத்தரசி, மன்னார்குடி.